கைக்குழந்தையோடு கப்பல் சுற்றுலா: ஆறு மாதம் போதுமா?

கப்பல் நிறுவனம் சொல்லும் வயது வேறு, குழந்தை தயாராகும் வயது வேறு. டிக்கெட் போடும் முன் ஒவ்வொரு குடும்பமும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

சென்னைத் துறைமுகத்தின் பயணியர் முனையம், மதிய நேரம். எக்ஸ்ரே கருவியிலிருந்து வெளியே வந்த சக்கரப் பெட்டி ஒன்றைப் பாதுகாப்பு ஊழியர் ஓரமாக இழுத்து வைக்கிறார். ஜிப்பைத் திறந்தால் டயப்பர் கட்டு, ராகி மாவு டப்பா, பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள். அவற்றுக்கு நடுவே துண்டில் சுற்றிய மின்சார கெட்டில். “இது உள்ள போகாதும்மா. இறங்கி வரும்போது வாங்கிக்கங்க” என்று சொல்லி டோக்கன் எழுதுகிறார். “புள்ளைக்கு வெந்நி வைக்கத்தான் தம்பி” என்கிறார் பாட்டி. ஏழு மாதக் குழந்தை தாயின் தோளில் சாய்ந்தபடி அவள் கழுத்து அடையாள அட்டையின் நாடாவைச் சப்பிக்கொண்டிருக்கிறது. அப்பா இரண்டு கைகளிலும் பாஸ்போர்ட்டுகளைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நகரும் வரிசையையும் பின்னால் திறந்து கிடக்கும் பெட்டியையும் மாறி மாறிப் பார்க்கிறார். கெட்டில் கரையிலேயே தங்கிவிடுகிறது.

கப்பல் சீசனில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் காட்சிதான். பாட்டிக்கு அது வீண் கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் காரணம் வலுவானது. நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. அதனால்தான் கெட்டில், இஸ்திரிப் பெட்டி போன்ற சூடேற்றும் சாதனங்களைக் கேபினுக்குள் விடுவதில்லை. பயணக் கப்பலின் முக்கியமான விதிகளில் பெரும்பாலானவை ‘கரை தூரத்தில் இருக்கிறது’ என்ற ஒரே உண்மையிலிருந்து பிறந்தவை. கைக்குழந்தையைக் கப்பலில் அழைத்துப் போகலாமா என்ற கேள்விக்கும் பதிலை அங்கிருந்துதான் தேட வேண்டும். அலை, குளிர்காற்று, கண்ணேறு என்று நம் குடும்பங்கள் பயப்படுகிறவை பெரும்பாலும் சமாளிக்கக் கூடியவை. ஒருவரும் பேசாத விஷயம், குழந்தைக்கும் குழந்தை மருத்துவருக்கும் நடுவே எத்தனை மணி நேரக் கடல் இருக்கிறது என்பதுதான்.

இந்தக் கேள்வி இப்போது நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கிய கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல், 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்கச் சென்னையிலிருந்து புறப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 5 அன்று அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களை நோக்கிக் கிளம்பியது. சிங்கப்பூருக்குப் பறந்து அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போகும் பெரிய கப்பல்களில் ஏறும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 2024 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய ‘குரூஸ் பாரத்’ திட்டம், கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை ஐந்தாண்டுகளில் இரட்டிப்பாக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. பயணிகள் பெருகப் பெருக, தொட்டில் குழந்தைகளும் கூடுதலாகக் கப்பல் ஏறப்போகிறார்கள். கேள்வியை இப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது.

ஆறு மாதம் என்ற கணக்கு

உலகின் பெரிய நிறுவனங்களான ராயல் கரீபியன், கார்னிவல், டிஸ்னி ஆகியவை பெரும்பாலான பயணங்களில் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளை ஏற்றிக்கொள்கின்றன. பெற்றோர் பலர் இதை மருத்துவர் கொடுத்த அனுமதிபோல எடுத்துக்கொள்கிறார்கள். ‘அவங்களே ஆறு மாசம்னு போட்டிருக்காங்க, அப்புறமென்ன?’ என்பதுதான் வாதம். அதே விதியின் அடுத்த வரியையும் படித்தால் இந்த வாதம் நிற்காது. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் பயணம், ஹவாய் பயணம், தொடர்ந்து பல நாட்கள் துறைமுகம் தொடாமல் கடலிலேயே இருக்கும் பயணம் என்றால் குறைந்தபட்ச வயது பன்னிரண்டு மாதமாக உயர்ந்துவிடும். ராயல் கரீபியன் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: தொடர்ந்து மூன்று நாட்களோ அதற்கு மேலோ கடலில் என்றால் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். கப்பலில் மாற்றம் இல்லை, குழந்தையிலும் இல்லை. மாறியது கரையின் தூரம் மட்டும்தான். ஆறு மாதக் குழந்தை கப்பலில் பத்திரம் என்று நிறுவனங்களே பொதுவாகச் சொல்லவில்லை. கரை பக்கத்தில் இருந்தால் ஏற்றிக்கொள்கிறோம் என்று மட்டுமே சொல்கின்றன.

கப்பலின் மருத்துவ அறையில் என்ன கிடைக்கும் என்று பார்த்தால் இதன் பொருள் விளங்கும். பெரிய கப்பல்களில் மருத்துவர், செவிலியர், ஈசிஜி, எக்ஸ்ரே, அடிப்படை ரத்தப் பரிசோதனை, அவசர மருந்துகள் எல்லாம் இருக்கும். அந்த மருத்துவர் பெரும்பாலும் பொது மருத்துவம் அல்லது அவசர சிகிச்சையில் அனுபவம் உள்ளவர். பயணிகளில் முதியவர்கள் அதிகம் என்பதால் மாரடைப்பு, கீழே விழுந்து எலும்பு முறிவு போன்றவற்றுக்கு அவர் நன்றாகவே தயாராக இருப்பார். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. ஏழு கிலோ எடையுள்ள உடம்பில், நீர் வற்றிச் சுருங்கிய நரம்பைத் தேடி ஊசி ஏற்றுவது தினமும் செய்கிறவருக்கே சிரமமான வேலை. நிலைமை மோசமானால் மூன்று வழிகள்தான்: அடுத்த துறைமுகம் வரை சமாளிப்பது, கப்பலைத் திருப்புவது, ஹெலிகாப்டரை வரவழைப்பது. 18 நாட் வேகத்தில் போகும் கப்பல் ஒரு மணி நேரத்தில் சுமார் 33 கிலோமீட்டர் கடக்கும். கரை 200 கிலோமீட்டர் என்றால் ஆறு மணி நேரம். பெரியவர்களுக்கு அது ஓர் இரவின் அவஸ்தை. வயிற்றுப்போக்கில் நீர் இழந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு ஆறு மணி நேரம் என்பது மிக நீண்ட காலம்.

பெட்டிச் செய்தி 1: கைக்குழந்தையும் கப்பல் விதிகளும்

• பெரும்பாலான பெரிய நிறுவனங்களில் குறைந்தபட்ச வயது 6 மாதம். நீண்ட கடல் பயணங்களுக்கு 12 மாதம்.

• கைக்குழந்தையும் ஒரு பயணிதான். உயிர்காப்புப் படகில் அதற்கும் ஓர் இடம் கணக்கில் உண்டு. அதனால் பெயர்ப் பதிவு இல்லாமல் ஏற முடியாது.

• இலங்கை, மலேசியா போன்ற வெளிநாட்டுத் துறைமுகம் தொடும் பயணத்துக்குக் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும்.

• அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில், டயப்பர் அணியும் குழந்தைகளைப் பொது நீச்சல் குளத்தில் இறக்கக் கூடாது. நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் இதே விதிதான். சில கப்பல்களில் மட்டும் சிறு குழந்தைகளுக்கென்று தனி நீர் விளையாட்டுப் பகுதி உண்டு.

• பல நிறுவனங்கள் 24 வாரம் எட்டிய கர்ப்பிணிகளை ஏற்றுவதில்லை.

ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

குழந்தையின் வளர்ச்சிக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஆறாவது மாதம் பயணத்துக்கு ஏற்ற மாதமே இல்லை. நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலன்ட், ரோட்டா, போலியோ தடுப்பு மருந்துகளின் ஆரம்பத் தவணைகள் முடிந்துவிடும். தட்டம்மைக்கான முதல் ஊசி ஒன்பது மாதம் நிறைந்த பிறகுதான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். ஊசியின் எதிர்ப்புச் சக்தி இன்னும் வந்திருக்காது. இந்த இடைவெளியை உணர்ந்துதான், வெளிநாட்டுப் பயணம் போகும் 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே ஒரு தவணை போடச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஃப்ளூ ஊசியும் ஆறு மாதத்தில்தான் தொடங்குகிறது. நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள் வேண்டும். ஆறு மாதம் நிறைந்த வாரத்திலேயே கப்பல் ஏறும் குழந்தைக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் முழுமையாக இருக்காது. மூடிய தாழ்வாரங்கள், ஒரே உணவுக்கூடம், பல ஊர்களிலிருந்து வந்து கூடும் ஆயிரக்கணக்கானோர் என்ற சூழல் தட்டம்மைக்குத் தோதானது. 2019 ஏப்ரல் இறுதியில் ‘ஃப்ரீவிண்ட்ஸ்’ என்ற கப்பலில் ஒரே ஒருவருக்குத் தட்டம்மை என்று தெரிந்ததுமே, கரீபியன் தீவான செயின்ட் லூசியா கப்பலில் இருந்த யாரையும் கரையிறங்க விடவில்லை.

ஆறாவது மாதத்தில்தான் தாய்ப்பாலோடு திட உணவும் தொடங்குகிறது. பருப்புத் தண்ணீர், மசித்த வாழைப்பழம், இட்லி என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, எது ஒத்துக்கொள்கிறது, எது வயிற்றைக் கெடுக்கிறது என்று தாய் கவனித்துவரும் நேரம் அது. கப்பல் சமையலறையில் கேட்டால் காய்கறியை வேகவைத்து மசித்துத் தருவார்கள்; அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் புது உணவும் புது இடமும் ஒரே நாளில் சேர்ந்தால், இரண்டு முறை வயிற்றால் போனதும் காரணம் உணவா கிருமியா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கெட்டில் விஷயமும் சேர்ந்துகொள்கிறது. பால் பவுடரை 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் கலந்து, பிறகு ஆறவைத்துத் தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பவுடரிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதே காரணம். பஃபே ஓரத்துக் காபி இயந்திரத்திலிருந்து பிளாஸ்கில் பிடித்து, இரண்டு லிப்ட் மாறிக் கேபினுக்குக் கொண்டுவந்து, நள்ளிரவு வரை வைத்திருக்கும் தண்ணீர் அந்தச் சூட்டில் இருக்காது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தச் சிக்கல் எதுவுமில்லை. கப்பலில் தாய்ப்பாலுக்கு நிகரான பாதுகாப்பு வேறில்லை.

அடுத்தது நோரோ வைரஸ். கப்பல்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூட்டமாகப் பரவும்போது பெரும்பாலும் இதுதான் காரணம். மிகச் சில கிருமிகள் உள்ளே போனாலே நோய் வந்துவிடும். கைப்பிடி, மேசை, பொம்மை என்று எதிலும் ஒட்டிக்கொண்டு பல நாள் உயிரோடிருக்கும். பஃபே வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் இதற்கு அவ்வளவாக எடுபடாது. சோப்பும் தண்ணீரும்தான் மருந்து. இங்கே நியாயமாக ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பதிவாகும் நோரோ வைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு சுமார் 1 சதவீதம்தான். முதியோர் இல்லம், பள்ளி, உணவகம் ஆகியவையே முன்னால் நிற்கின்றன. ‘கல்யாண மண்டபத்திலும் ரயிலிலும் வராத நோயா?’ என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நோய் தொற்றும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். தொற்றிய பிறகு நடப்பதில்தான் வித்தியாசம். மண்டபத்தில் குழந்தைக்கு முடியவில்லை என்றால் ஆட்டோ பிடித்து அரை மணியில் குழந்தை மருத்துவரிடம் போய்விடலாம். கப்பலில் அந்த ஆட்டோ கிடையாது.

பெட்டிச் செய்தி 2: வயிற்றுப்போக்கு வந்தால்

• உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா கொண்ட ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளைக் கைப்பையில் வைத்திருங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதியாகப் பிரிக்கக் கூடாது.

• இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் 50 முதல் 100 மி.லி. வரை கரண்டியால் மெதுவாகப் புகட்டலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

• உச்சிக்குழி உள்வாங்குவது, அழும்போது கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, துவண்டு கிடப்பது, மலத்தில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் கப்பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

• பெரியவர்களுக்கான வாந்தி, வயிற்றுப்போக்கு மாத்திரைகளை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

பயம் எங்கே, ஆபத்து எங்கே?

கப்பல் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது, ‘புள்ளைக்குத் தலைசுத்தும், வாந்தி எடுக்கும்.’ உண்மையில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் வருவது அபூர்வம். பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம். இன்றைய கப்பல்களின் பக்கவாட்டில் நீளும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் ஆட்டத்தைப் பெருமளவு குறைத்துவிடுகின்றன. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் எடுத்தால் இன்னும் குறையும். இதில் ஆபத்து அலையால் வருவதல்ல, மருந்தால் வருவது. குமட்டலுக்குப் பலரும் பயன்படுத்தும் புரோமெத்தசின் மருந்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லேயே எச்சரித்திருக்கிறது. மூச்சு அடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதுதான் காரணம். முன்னெச்சரிக்கை என்று நினைத்து ஒரு சொட்டு மருந்து கொடுத்துக் கப்பல் ஏற்றும் பழக்கம் அலையைவிடக் கொடியது.

உயரமான இடங்களில் அலட்சியம் வேண்டாம் என்பது அடுத்தது. 2019 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு பெரிய கப்பலின் 11-ஆம் தளத்தில், திறந்திருந்த ஜன்னலிலிருந்து விழுந்து 18 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. அப்போது அதைத் தூக்கி வைத்திருந்தவர், அதன் மேல் உயிரையே வைத்திருந்த தாத்தா. அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல்களின் கைப்பிடிச் சுவர் 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பால்கனியில் ஒரு நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினாலே அந்த 42 அங்குலத்துக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். கடலைக் காட்டக் குழந்தையைத் தூக்கிக் கைப்பிடிமேல் உட்காரவைத்துப் புகைப்படம் எடுப்பதை எந்த விதியாலும் தடுக்க முடியாது. குடும்பம்தான் தடுக்க வேண்டும். கைக்குழந்தை இருக்கும் குடும்பம் பால்கனி கேபினுக்குக் கூடுதல் பணம் கட்டாமலிருந்தால் அது நல்ல முடிவு.

உயிர்காப்பு உடையையும் அருகில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கடல் பாதுகாப்புக்கான சோலாஸ் ஒப்பந்தத்தின்படி 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கென்று தனி லைஃப் ஜாக்கெட் உண்டு. 24 மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் பயணத்தில் கப்பலில் இருக்கும் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பெரியவர்களின் ஜாக்கெட் கேபின் அலமாரியிலேயே இருக்கலாம்; குழந்தையுடையதைப் பெரும்பாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கடலோரத்தில் கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு விதி இறுகியது. கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ எல்லாப் பயணிகளுக்கும் அவசரகாலப் பயிற்சி நடத்தியாக வேண்டும். பயிற்சி நேரம் குழந்தை தூங்கும் நேரமாக இருந்தால், ‘நீ பார்த்துக்க, நான் போயிட்டு வரேன்’ என்று பாதிக் குடும்பம் கேபினிலேயே தங்கிவிடப் பார்க்கிறது. அப்படிச் செய்யக் கூடாது. இருட்டில் சைரன் ஒலிக்கும்போது அந்தச் சின்ன ஜாக்கெட்டின் பட்டை எந்தக் கொக்கியில் மாட்டும் என்று அம்மா, அப்பா இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

‘அந்தக் காலத்தில் போகவில்லையா?’

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கும்: நம் முன்னோர் கைக்குழந்தையோடு கடல் கடக்கவில்லையா? கடந்தார்கள். 1860-இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ‘ட்ரூரோ’ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் குடும்பம் குடும்பமாகவும் போனார்கள். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் தடத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களில் பால்குடிக் குழந்தைகளுக்குக் குறைவிருந்திருக்காது. அதன் பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-இல் தீ விபத்தில் சிக்கியது. அத்தோடு அந்தத் தடத்தின் பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிந்தது.

அந்தத் தாய்மார்களின் துணிவைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர்கள் போனது பிழைப்புக்காக. கணவனிடம் சேர, பஞ்சத்திலிருந்து தப்ப, ஊர் திரும்ப. குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. தட்டம்மை ஊசி நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்ததே 1985-இல்தான். 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-இல் அது 28 ஆகக் குறைந்தது. அந்தக் காலத்தில் தைரியம் என்று சொல்லப்பட்டதன் பின்னால் கணக்கில் வராத பல இழப்புகள் இருந்தன. கட்டாயத்தில் எடுத்த ஆபத்தை, விடுமுறைக்காக எடுக்கும் ஆபத்துக்கு முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது.

அம்மாவுக்கு யார் ஓய்வு தருவது?

எல்லாவற்றையும்விட வலுவான எதிர்வாதம் தாயின் பக்கத்திலிருந்து வருகிறது. பிரசவம் முடிந்து ஆறு மாதம் நான்கு சுவருக்குள் இருந்தவளுக்குக் கடல் காற்று வேண்டாமா? 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து விடுப்பு 26 வாரம். அதாவது, ஆறு மாதம். வேலைக்குத் திரும்பும் முன் ஒரு பயணம் என்று குடும்பங்கள் நினைப்பதும், கப்பல் விதி ஆறு மாதத்தில் கதவைத் திறப்பதும் ஒரே வாரத்தில் வந்து நிற்கின்றன. சமைக்க வேண்டாம், பாத்திரம் தேய்க்க வேண்டாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹோட்டல் மாற வேண்டாம் என்பதெல்லாம் உண்மையான நிம்மதிகள். தவழாத குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஓடித் திரியும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதைவிடச் சுலபம் என்பதும் உண்மை. இந்த ஆசையைச் சுயநலம் என்று சொல்கிறவர்களோடு இந்தக் கட்டுரைக்கு உடன்பாடு இல்லை. தாயின் ஓய்வு குழந்தையின் நலனைச் சேர்ந்தது.

அந்த ஓய்வு கப்பலில் உண்மையாகவே கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. 2019-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். வீட்டாரைப் பராமரிப்பதில் பெண்கள் 134 நிமிடங்கள், ஆண்கள் 76. கப்பல் முதல் கணக்கைத்தான் குறைக்கிறது, இரண்டாவதைத் தொடுவதில்லை. பல கப்பல்களில் குழந்தைகள் மன்றத்தின் கதவு மூன்று வயதில்தான் திறக்கும். டிஸ்னி கப்பல்களிலும் ராயல் கரீபியனின் சில கப்பல்களிலும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்குக் காப்பகம் உண்டு. மணிக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம், இடமும் கொஞ்சம்தான். காப்பகம் இல்லாத கப்பலில் நடப்பதை எளிதில் ஊகிக்கலாம். எட்டு மணிக்குக் குழந்தை தூங்கிவிடும். கேபின் சிறியது, விளக்கை அணைத்தாக வேண்டும். மேல்தளத்தில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும். குழந்தையோடு இருட்டில் உட்கார்ந்திருப்பவர் யார்? பெரும்பாலான வீடுகளில் அது அம்மாதான். வீட்டுச் சுவர் போய்க் கேபின் சுவர் வந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே, தாய்க்காகப் போகிறோம் என்றால் முதலில் பேசி முடிக்க வேண்டியது கேபினின் வகை அல்ல, முறைப்பட்டியல். எந்த இரவு அப்பா, எந்த மதியம் பாட்டி, எந்தக் காலையில் அம்மா தனியாக மேல்தளத்தில் நடக்கப்போகிறாள் என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஒத்துக்கொள்ள வேண்டும். ‘எங்களுக்கு வயசாகுது, பேரப்பிள்ளையோட இப்பவே போனாத்தான் உண்டு’ என்று தாத்தா பாட்டி சொல்வது மனதைத் தொடுகிற நியாயம். அவர்களும் இந்தப் பட்டியலில் பங்கெடுத்தால் அந்தப் பயணத்துக்கு அர்த்தம் இருக்கும். அப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வழியில்லாத குடும்பம், மகாபலிபுரத்திலோ தரங்கம்பாடியிலோ கடலோர விடுதியில் இரண்டு நாள் தங்கினால் போதும். கடலும் கிடைக்கும், மருத்துவரும் பக்கத்தில் இருப்பார், தேவையென்றால் அன்றிரவே வீடு திரும்பிவிடலாம்.

பெட்டிச் செய்தி 3: டிக்கெட்டுக்கு முன் கேளுங்கள்

• வழியில் துறைமுகம் தொடாமல் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் கடலில் இருப்போம்?

• கப்பல் மருத்துவருக்குக் கைக்குழந்தைகளைக் கையாண்ட அனுபவம் உண்டா? குழந்தைகளுக்கான மருந்துகளும் ஊசிகளும் இருப்பில் உள்ளனவா?

• கப்பலில் சிகிச்சை பெற்றால் நம் காப்பீடு ஏற்குமா? ஹெலிகாப்டர் செலவு அதில் அடங்குமா?

• கேபினில் தொட்டில் தருவார்களா? அது வைக்க இடம் இருக்கிறதா?

• இரவில் கொதிநீர் எங்கே கிடைக்கும்? புட்டிகளைக் கிருமிநீக்கம் செய்து தருவார்களா?

• குழந்தைக்கு உடல்நிலை சரியில்லாமல் போய்ப் பயணத்தைக் கைவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

ஒரு வயது, ஒரு இரவு, ஒரு துறைமுகம்

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பதில் கடினமானதல்ல. குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும். தட்டம்மையின் முதல் ஊசியும் ஃப்ளூவின் இரண்டு தவணைகளும் முடிந்திருக்கும்; வீட்டுச் சாப்பாடு பழகியிருக்கும்; எந்த உணவு ஆகாது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். முதல் பயணம் இரண்டு, மூன்று இரவுகளோடு முடியட்டும். ஒவ்வோர் இரவுக்குப் பிறகும் ஒரு துறைமுகம் வரும் தடமாக இருந்தால் நல்லது. வடகிழக்குப் பருவமழையின் புயல் மாதங்களைத் தவிர்த்துவிடலாம். கிளம்பும் முன் வழக்கமான குழந்தை மருத்துவரைப் பார்த்து, அவர் ‘வேண்டாம்’ என்றால் கட்டிய முன்பணத்தை மறந்துவிட வேண்டும். குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறோ அடிக்கடி மூச்சிரைப்போ உள்ள குழந்தை என்றால் ஒரு வயதுக் கணக்கும் பொருந்தாது. அங்கே மருத்துவரின் சொல்லே முடிவு. ஆறு மாதத்தில் போய்ப் பத்திரமாகத் திரும்பிய குடும்பங்கள் ஏராளம் என்பதும் உண்மைதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒன்று ஆகிவிட்டால் அதைத் தாங்கும் ஏற்பாடு பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னும் ஆறு மாதம் காத்திருப்பதால் குடும்பம் இழப்பது ஒரு சீசன் மட்டுமே.

பொறுப்பைக் குடும்பங்களின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. கப்பல் சுற்றுலாவை வளர்க்க அரசு பணம் ஒதுக்குகிறது, முனையங்கள் கட்டுகிறது. அந்த வளர்ச்சியில் பால்குடிக் குழந்தைக்கும் ஒரு பங்கு வேண்டும். இந்தியத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கப்பலும், தன் மருத்துவ அறையில் குழந்தைகளுக்கு என்ன வசதி இருக்கிறது, கரையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதை டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே தமிழிலும் வெளியிட வேண்டும் என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விதி போடலாம். நீச்சல் குளத்தின் படத்தைப் பெரிதாகப் போடும் விளம்பரம், டயப்பர் போட்ட குழந்தை அதில் இறங்க முடியுமா என்பதையும் அதே அளவு எழுத்தில் சொல்லலாம். முனையத்திலும் கப்பலிலும் தாய்ப்பாலூட்டத் தனியறை, எந்த நேரமும் கொதிநீர், கேட்டவுடன் கிடைக்கும் தொட்டில், கேபினிலேயே காத்திருக்கும் சின்ன லைஃப் ஜாக்கெட் ஆகியவை பெரிய செலவுகள் அல்ல. குடும்பச் சுற்றுலா என்று பெயர் வைத்து விற்கிறவர்கள், குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினரையும் மனதில் வைத்துக் கப்பலைத் தயார் செய்ய வேண்டும். அந்த உறுப்பினருக்காகக் கேள்வி கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட வேண்டும்.